மூச்சு விட்ட இன்ஜின்

பி.காம் படிக்கிறவனுக்கு இன்ஜினில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே. இது காஸ்ட் அக்கவுண்டிங் கதையும்தான்!

1930களில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் எஸ்.எஸ். கார்ஸ் என்றொரு சிறிய கம்பெனி இருந்தது. முதலாளி வில்லியம் லயன்ஸ். அவருடைய கார்கள் பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனால் ஓட்டத்தில் அந்த மிடுக்கு இல்லை. ஸ்டாண்டர்டு கம்பெனியிடம் வாங்கிய 2.7 லிட்டர் இன்ஜின் கொடுத்தது சுமார் 70 குதிரைத்திறன்தான். புது இன்ஜினை அடியிலிருந்து செய்வதென்றால் பெரிய செலவு.

லயன்ஸ் என்ன செய்தார் தெரியுமா? ஹாரி வெஸ்லேக்கைக் கூப்பிட்டார். மனிதர் காற்றோட்டத்தில் கில்லாடி!

பழைய இன்ஜினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தன. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை சுற்றி வளைந்துதான் உள்ளே போக வேண்டும். போகிற வழியிலேயே மூச்சு முட்டிவிடும். வெஸ்லேக் வடிவமைத்த புதிய சிலிண்டர் ஹெட்டில் வால்வுகள் மேலே ஏறின, வழி நேரானது. காற்று அதிகம் போனால் எரிபொருளும் அதிகம் எரியும் அல்லவா? அடிப்படையில் அதே இன்ஜின், ஆனால் சக்தி 100 குதிரைத்திறனைத் தாண்டியது!

1935 செப்டம்பரில் லண்டன் மேஃபேர் ஓட்டலில் கார் அறிமுகமானது. பெயர் 'எஸ்.எஸ். ஜாகுவார்'. விலை என்ன இருக்கும் என்று வந்தவர்களைக் கேட்டார்கள். பதில்களின் சராசரி 632 பவுண்டு. லயன்ஸ் சொன்ன விலை 385!

1945ல் கம்பெனியின் பெயரே ஜாகுவார் ஆகிவிட்டது.

நஷ்டம் என்றதும் எல்லாவற்றையும் மாற்றத் துடிக்கிறோம். எங்கே அடைக்கிறது என்று முதலில் பார்த்தால் என்ன?