பஞ்சாபி மாப்பிள்ளை, மெக்சிகோ மணப்பெண்

நம் இதழ் கைக்கு வந்ததும் பலர் முதலில் புரட்டுவது வரன் பகுதியைத்தான். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் யாரை விரும்புவார்கள், அப்புறம் நம்முடையது என்று எது மிஞ்சும் என்கிற கவலை வீட்டுக்கு வீடு உண்டு. சுமார் நூறு வருஷத்துக்கு முன்பே இதைச் சந்தித்த இந்தியர்கள் இருக்கிறார்கள்.

1900களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவுக்கு வயல் வேலைக்குப் போன பஞ்சாபியர் பெரும்பாலும் சீக்கியர்கள். 1917ஆம் வருஷச் சட்டம் இந்தியர்கள் குடியேறுவதைத் தடுத்தது. ஊரிலிருந்து பெண்ணை அழைத்துவர வழியில்லை. வெள்ளைக்காரப் பெண் என்றால் இனக்கலப்புத் தடைச் சட்டத்தைக் காட்டிப் பதிவு அலுவலர் மறுக்கலாம். அப்போது இம்பீரியல் பள்ளத்தாக்கின் பருத்திக் காடுகளில் வேலை செய்தவர்கள், மெக்சிகோ புரட்சிக்குத் தப்பி வந்த குடும்பங்கள். அந்தப் பெண்களோடு பழக்கம் விவாகமாயிற்று. அலுவலர்கள் இருவர் நிறத்தையும் 'பழுப்பு' என்று எழுதி அனுமதி கொடுத்தார்கள். அக்காவைக் கட்டியவரின் கூட்டாளிக்குத் தங்கை வாழ்க்கைப்பட்டதும் உண்டு!

நிலத்துக்காகவே கட்டிக்கொண்டார்கள் என்பார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று பகத் சிங் திண்ட் வழக்கில் தீர்ப்பானது 1923ல். அதன் பிறகே 1913ஆம் வருஷ நிலச் சட்டம் அவர்களை நெரித்தது. அமெரிக்காவில் பிறந்த குழந்தைகள் பேரில் நிலம் எழுதினார்கள். கல்யாணங்களோ அதற்கு முன்பே தொடங்கிவிட்டன.

வீட்டில் ஸ்பானிய மொழி, குழந்தைகள் கத்தோலிக்கர். தகப்பனார் தலைப்பாகையும் தாடியும் பெரும்பாலும் போய்விட்டன. சமையல் மட்டும் போகவில்லை. அவர் கற்றுக்கொடுக்க, மனைவி ரொட்டியும் கோழிக் குழம்பும் செய்தாள். பஞ்சாபி பேசத் தெரியாத அந்தப் பிள்ளைகள் தங்களை 'ஹிந்து' என்றே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அங்கே இந்தியர் எல்லோருக்கும் அதுதான் பெயர். ஆனால் பெண்கள் வயதுக்கு வந்ததும் தகப்பன்மார் பஞ்சாப் கிராமத்துக் கண்டிப்பைக் காட்டினார்கள். தாம் விரும்பிக் கட்டியவர்கள், மகள் ஒரு பையனோடு நடனத்துக்குப் போவதைப் பொறுக்கவில்லை.

1946ல் குடியுரிமை கிடைத்தது. 1965 சட்டத்துக்குப் பின் பஞ்சாபிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள், இந்தக் கலப்புக் குடும்பங்களை ஒதுக்கியே பார்த்தார்கள். மதமும் பாஷையும் இல்லாமல் என்ன பஞ்சாபி என்பது அவர்கள் கேள்வி. நம்மில் பலரும் அதையே கேட்டிருப்போம்.

யூபா சிட்டியில் அப்படிப்பட்ட ஒரு குடும்பம் 'ரசூல்ஸ் எல் ராஞ்செரோ' என்ற உணவகம் நடத்தியது. அங்கே பேர் போனது 'ரொட்டி கேசடியா': நம்மூர் ரொட்டிக்குள் மெக்சிகோ பாணியில் சீஸும் இறைச்சியும். 1993ல் அதை மூடிவிட்டார்கள்.