தாளில் தங்கிய பாடம்

படியெடுத்தால் வாழும், படியெடாவிடில் மடியும். ஓலைச்சுவடிகளைப் பற்றி நம் முன்னோர் பட்டறிந்த இவ்வுண்மை, அரை நூற்றாண்டு வயதே உடைய கணிப்பொறிப் பாடங்களுக்கும் பொருந்துவதாயிற்று. பழைய வீட்டுக் கணிப்பொறிகளுக்கென எழுதப்பட்ட கல்வி மென்பொருள்களைத் தேடித் திரட்டுவோர் இன்று பல நாடுகளில் உள்ளனர். அவர்கள் திரட்டுவது பொழுதுபோக்குப் பொருளா, வரலாற்றுச் சான்றா? அமெரிக்காவில் பிறந்த ஒரு நிரலின் கதை இவ்வினாவுக்கு விடை கூறும்.

1971ஆம் ஆண்டு மின்னசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகரில், டான் ராவிட்ச் என்னும் பயிற்சி ஆசிரியர் எட்டாம் வகுப்பு மாணவர்க்கு வரலாறு கற்பித்துவந்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் தொலைவை மாட்டுவண்டிகளில் கடந்து மேற்கே ஓரிகனில் குடியேறியோரின் பயணமே பாடம். அதனை ஒரு பலகை விளையாட்டாக அமைக்க அவர் எண்ணினார். உடன் தங்கியிருந்த பில் ஹைன்மன், பால் டில்லன்பர்கர் ஆகிய கணிதப் பயிற்சி ஆசிரியர் இருவரும் அதனைக் கணிப்பொறி நிரலாக்கலாம் என்றனர். இரண்டே வாரங்களில் நிரல் உருவாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் மாணவர் அதனை ஆடினர்.

அன்று திரையில்லை, படமில்லை. தொலைவிலிருந்த கணிப்பொறியுடன் தொலைபேசிக் கம்பிவழி இணைந்த தட்டச்சுப் பொறி ஒன்றே வகுப்பில் இருந்தது. உணவுக்கு எவ்வளவு, எருதுகளுக்கு எவ்வளவு என்று மாணவர் கைப்பணத்தைப் பங்கிட வேண்டும். பங்கீடு பிழைத்தால் பசியும் நோயும் வழியிலேயே உயிரைக் கொள்ளும். அரசர் பெயரும் ஆண்டும் மனப்பாடம் செய்து வந்த வரலாறு, அன்று முடிவெடுக்கும் துன்பமாக மாணவர் முன் நின்றது.

பருவம் முடிந்தது. ராவிட்ச் கணிப்பொறியிலிருந்து நிரலை அழித்துவிட்டார். ஆயினும் அதற்கு முன்னரே அதனைத் தாளில் அச்சிட்டு எடுத்துவைத்திருந்தார். உலகில் அப்பாடத்துக்கு எஞ்சியிருந்த உயிர் அந்தத் தாளே. பள்ளிகளுக்குக் கணிப்பொறிக் கல்வியைக் கொண்டுசெல்ல மின்னசோட்டா மாநிலம் 1973இல் நிறுவிய ‘மெக்’ என்னும் அமைப்பில் அவர் 1974இல் பணியேற்றார். அவ்வாண்டு நன்றி நவிலல் விடுமுறையில் ஏறத்தாழ 800 வரிகளையும் மீண்டும் தட்டச்சு செய்தார். பின்னர், அப்பாதையில் சென்றோர் எழுதிய நாட்குறிப்புகளைப் பயின்று, எந்த இடர் எத்துணை முறை நேர்ந்தது என்று கணக்கிட்டு நிரலைத் திருத்தினார். அந்நிரல் பின்னர் ஆப்பிள் 2 கணிப்பொறிக்கு வந்தது. 1985இல் படங்களுடன் புதுவடிவம் பெற்றது. ‘ஓரிகன் பாதை’ என்னும் பெயரில் ஒரு தலைமுறை மாணவர் அறிந்த பாடமாயிற்று.

எல்லா நிரல்களுக்கும் இத்தகைய தாள் வாய்க்கவில்லை. ஆப்பிள் 2 வட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது 140 கிலோபைட்டே. அதன்மேல் பூசிய காந்தப்பொடி பூஞ்சை பிடித்து உதிரும். அதனினும் கொடிது, விற்றோரே இட்ட பூட்டு. படியெடுக்க முடியாதவாறு வட்டின் அமைப்பையே மாற்றிப் பல நிறுவனங்கள் விற்றன. களவைத் தடுக்க இட்ட அப்பூட்டு, நிறுவனம் மறைந்த பின்னும் வட்டுக்குள் காவல் நின்றது. விளையாட்டுகளின் பூட்டை உடைக்க அந்நாளிலேயே பலர் முன்வந்தனர். பின்னக் கணக்கும் எழுத்துக்கூட்டலும் கற்பித்த வட்டுகளை நாடியோர் சிலரே. ஆகவே, எளிய பாடங்களே முதலில் அழியும் நிலையில் இருந்தன.

திரட்டுவோரின் தொண்டு இங்கேதான் சிறக்கிறது. பள்ளிகள் கழித்த பெட்டிகளிலும் பழம்பொருள் விற்பனையிலும் வட்டுகளைத் தேடுகின்றனர். அவற்றின் காந்த மாற்றங்களையே சிறப்புக் கருவியால் பதிவு செய்கின்றனர். பழைய பொறியைப் போலவே இயங்கும் நிரலைக்கொண்டு புதிய கணிப்பொறியில் பாடத்தை உயிர்ப்பிக்கின்றனர். 2003இல் இணைய ஆவணக் காப்பகத்தின் வேண்டுகோளை ஏற்று, வழக்கொழிந்த வடிவிலுள்ள நிரல்களின் பூட்டைக் காப்பகத் தேவைக்காகத் திறக்க அமெரிக்க அரசு விலக்கு அளித்தது. படியெடுத்தல் களவன்று, காவலே என்பதைச் சட்டமும் ஓரளவு ஒப்புக்கொண்டது எனலாம்.

காக்கப்படுவது ஆசிரியர் எழுதியது மட்டுமன்று. 1985ஆம் ஆண்டு வடிவில், வழியில் இறந்தவர் தம் கல்லறையில் ஒரு வரி பொறிக்கலாம். அவ்வட்டில் பின்னர் ஆடுவோர் அதனைக் காண்பர். கைமாறிப் பரவிய படி ஒன்றில், யாரோ ஒருவர் பீட்சா விளம்பரத்தை நினைத்து எழுத்துப்பிழையோடு பொறித்த நகைச்சுவை வரி இருந்தது. அப்படியின் படிகளோடு அதுவும் எண்ணற்றோரிடம் சென்று சேர்ந்தது. ஏடெழுதியவன் ஓரத்தில் கிறுக்கியதுபோல, கற்றவன் கைத்தடமும் வரலாறாயிற்று.

பிழைகளையும் காக்கவேண்டும். அப்பாதை பழங்குடி மக்களின் நிலத்தின் ஊடே சென்றது. பழைய நிரல்கள் வண்டியில் சென்றோரின் கண்ணாலேயே அதனைக் கண்டன. 2021இல் வெளிவந்த புதுவடிவுக்குப் பழங்குடி வரலாற்றறிஞரின் அறிவுரை பெறப்பட்டது. திருத்தத்தின் அருமையை உணர, திருத்தப்படாத படி கையில் இருத்தல் வேண்டும். ஒரு தலைமுறைக்கு எதைக் கற்பித்தோம் என்பதற்குப் பாடத்திட்டத்தைவிடப் பாடமே நேரிய சாட்சி.

2016இல் ‘ஓரிகன் பாதை’ நியூயார்க் மாநிலத்து ராச்சஸ்டர் நகரிலுள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகத்தின் உலக மின்விளையாட்டுப் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றது. அப்புகழின் தொடக்கம், அழிக்கும் முன் ஒரு படி எடுத்துவைப்போம் என்று எண்ணிய இளம் ஆசிரியரின் சிறு எச்சரிக்கையே.