உருவமற்ற வண்ணங்களும் பெயருள்ள சாட்சிகளும்

தேவாலயத்தின் சுவரிலும் சாளரத்திலும் எது இடம்பெறலாம், எது இடம்பெறலாகாது என்னும் வினா திருச்சபைக்குப் புதியதன்று. 1522-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விட்டன்பர்க் நகரில் உருவங்களை அகற்றும் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் மார்ட்டின் லுத்தர் அந்நகருக்குத் திரும்பிவந்து, எட்டுப் பிரசங்கங்களால் அக்கிளர்ச்சியை அடக்கினார். 1524-இல் சூரிக் நகர ஆலயங்களிலிருந்து உருவங்கள் நீக்கப்பட்டன, சுவர்களுக்கு வெள்ளையடிக்கப்பட்டது. இவ்வேறுபாடு பத்துக் கட்டளைகளை எண்ணும் முறையிலும் தங்கிவிட்டது. சீர்திருத்த மரபினரும் ஆங்கிலிக்க மரபினரும் விக்கிரகத் தடையை இரண்டாம் கட்டளை என எண்ண, லுத்தரின் ஞானோபதேசமோ அதனைத் தனிக் கட்டளையாக எண்ணுவதில்லை.

பழைய வழக்கு முழுவதும் உருவம் இருப்பதைப் பற்றியது. 2007-இல் ஜெர்மனி நாட்டின் கொலோன் பேராலயத்தில் எழுந்த வழக்கோ உருவம் இல்லாமையைப் பற்றியது. அது உரோமச் சபையின் உள்விவகாரம் என நாம் ஒதுக்கிவிடுதல் தகாது. வழிபாட்டில் கண்ணுக்கு என்ன பணி, செவிக்கு என்ன பணி என்பது நம்முடைய வினாவும் ஆகும்.

கொலோன் பேராலயத்திற்கு 1248-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1880-இல் கட்டுமானம் நிறைவுற்றது. அதன் தென்புறக் குறுக்கு மண்டபத்தின் பெருஞ்சாளரத்திலிருந்த ஓவியக் கண்ணாடி இரண்டாம் உலகப்போரில் அழிந்தது. பின்னர்ப் பொருத்தப்பட்ட வெளிர்கண்ணாடி, கண் கூசுமளவுக்கு ஒளியை உள்ளே விட்டது. ஆகவே புதிய சாளரம் அமைக்க எண்ணிய பேராலயத்தார், 20-ஆம் நூற்றாண்டின் இரத்தசாட்சிகளை அதில் தீட்டும்படி கெர்ஹார்ட் ரிக்டர் என்னும் ஓவியரைக் கேட்டனர். மாக்சிமிலியன் கோல்பேயும் எடித் ஸ்டைனும் அவர்கள் மனத்திலிருந்த சாட்சிகளுள் இருவர். கோல்பே, அவுஷ்விட்ஸ் முகாமில் வேறொரு கைதிக்குப் பதிலாகத் தம்மை ஒப்புக்கொடுத்து 1941-இல் உயிர்நீத்தார். எடித் ஸ்டைன் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1922-இல் திருமுழுக்குப் பெற்று, 1933-இல் கொலோன் நகரிலேயே கார்மேல் மடத்தில் சேர்ந்தவர். 1942-இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

ரிக்டர் 1932-இல் டிரெஸ்டனில் பிறந்தவர். நாசிக் கொடுமை அவர் குடும்பத்தையும் தீண்டியிருந்தது. மனநோயாளிகளை ஒழித்த அக்கொடிய திட்டத்திற்கு அவருடைய தாயின் தங்கை பலியானார்; அச்சிற்றன்னையை 1965-இல் ரிக்டர் ஓவியமாகத் தீட்டியிருந்தார். ஆகவே உருவம் வரையும் திறனோ துயரத்தை அறிந்த உள்ளமோ அவரிடம் குறைவுபட்டன என்று கூறுதற்கில்லை. ஆயினும் இரத்தசாட்சிகளின் சாவை ஒளிரும் கண்ணாடியில் வரையும் முயற்சியை அவர் கைவிட்டார்.

அவருக்கு வழி காட்டியது அவரது பழைய படைப்பொன்று. 1966 முதலே அவர் கடைகளில் கிடைக்கும் வண்ணமாதிரி அட்டைகளைப்போன்ற ஓவியங்களைத் தீட்டிவந்தார். 1974-இல் தீட்டிய ஓவியத்தில் 1,024 வண்ணங்கள், ஒவ்வொன்றும் நான்குமுறை வருமாறு, 4,096 கட்டங்களில் அமைந்திருந்தன. இவ்வோவியத்தின் படத்தின்மேல் பேராலயச் சாளரத்தின் வடிவத்தை வைத்துப் பார்த்தபோது, தாம் செய்யவேண்டியது யாதென அவருக்குத் தெளிவாயிற்று.

2007 ஆகஸ்டு 25-ஆம் நாள் அச்சாளரம் திறந்துவைக்கப்பட்டது. நூறு சதுரமீட்டருக்கும் மிகுந்த பரப்பு, ஒவ்வொன்றும் 9.6 சென்டிமீட்டர் பக்கமுள்ள 11,000-க்கும் மேற்பட்ட கண்ணாடிச் சதுரங்கள். பேராலயத்தின் பழைய சாளரங்களுக்கு இசைந்த 72 வண்ணங்கள். எந்த வண்ணம் எங்கு வருவது என்பதைக் கணிப்பொறி தற்செயல் முறையில் வகுத்தது. ஆனால் அனைத்தும் தற்செயலன்று. ஒரு நெடும்பகுதி மற்றொன்றின் எதிர்ப்படிவமாக அமையும்படி ரிக்டர் ஒழுங்குசெய்தார். எண்ணோ உருவமோ தோன்றுவதுபோலிருந்த இடங்களைத் திருத்தினார். இப்பணிக்கு அவர் ஊதியம் பெறவில்லை.

கொலோன் பேராயர் கர்தினால் யோவாகிம் மைஸ்னர் இதனை ஏற்கவில்லை. இத்தகைய சாளரம் மசூதிக்கோ பிறிதொரு தொழுகைக்கூடத்திற்கோ பொருந்தும். நமக்குப் புதிய சாளரம் வேண்டுமாயின் அது நமது விசுவாசத்தைக் காட்டவேண்டும் என்பது அவரது கருத்து. அடுத்த மாதம் வேறொரு விழாவில், இறைவழிபாட்டினின்று பிரிந்த பண்பாடு சீரழியும் என்று அவர் பேசியபோது பயன்படுத்திய சொல், 1937-இல் நாசிகள் நவீன ஓவியத்தை இழிவுபடுத்தக் கையாண்ட சொல்லாக இருந்ததால் பெருங்கண்டனம் எழுந்தது. அக்கண்டனம் நியாயமானதே. ஆனால் சொல்லின் தவற்றைக் கொண்டு அவரது வினாவையும் தள்ளிவிடலாகாது. இரத்தசாட்சிகள் இருக்கவேண்டிய இடத்தில் வண்ணச் சதுரங்கள் இருந்தால் திருச்சபையின் நினைவு என்னாகும்?

உருவமற்ற சாளரம் கிறிஸ்தவத்திற்கு அந்நியம் என்ற கூற்றை வரலாறு ஆதரிக்கவில்லை. 1144-இல் பாரிசை அடுத்த புனித தெனிஸ் ஆலயத்தின் புதிய கிழக்குப்பகுதியை மடத்தலைவர் சூகர் ஓவியச் சாளரங்களுடன் அர்ப்பணித்தார். அதே நூற்றாண்டில் சிஸ்டர்சியத் துறவியரோ தங்கள் சாளரங்கள் நிறமும் உருவமுமின்றி இருக்கவேண்டுமென விதித்தனர். இரு சாராரும் ஒரே ஆண்டவரையே தொழுதனர்.

பிற்கால நிகழ்ச்சியொன்றையும் ஈண்டுக் குறித்தல் தகும். ரிக்டர் 1990-இல் தீட்டிய அருவ ஓவியம் ஒன்றை எடுத்து, அதன் பகுதிகளைத் திருப்பியும் இரட்டித்தும் 2009-இல் நெசவுத் திரைகளாக்கினார். பின்னர் அதனையே மெல்லிய கீற்றுகளாகப் பிரித்து அச்சுப்படங்களாக்கினார். அம்முறையிற் பிறந்த வடிவங்களே 2020-இல் ஜெர்மனியின் தோலை மடத்து ஆலயத்தில் மூன்று சாளரங்களாயின. அதே ஆலயத்தில் திருமறைக் காட்சிகளையும் பரிசுத்தவான்களையும் உருவங்களாகத் தீட்டிச் சாளரங்கள் அமைத்தவர், ஆப்கானிஸ்தானில் இஸ்லாமியக் குடும்பத்திற் பிறந்த மஹ்பூபா மக்சூதி என்னும் பெண்மணி. உருவமின்மை அவர்களுடையது, உருவம் நம்முடையது என்னும் பிரிவினை நிலைக்கவில்லை.

ஆயினும் மைஸ்னரின் வினா முழுதும் தீர்ந்துவிடவில்லை. ரிக்டரே அதனைத் தீர்ந்ததாகக் கருதவில்லை போலும். 1944-இல் பிர்க்கனௌ முகாமில் கைதிகள் தம் உயிரைப் பணயம்வைத்து மறைவாக எடுத்த நான்கு நிழற்படங்களை, 2014-இல் அவர் நான்கு பெருந்திரைகளில் வரைந்தார். பின்பு அவை முற்றும் மறையுமட்டும் மேலே வண்ணம் பூசினார். பார்ப்போர்க்குத் தெரிவது உருவமற்ற வண்ணமே. ஆனால் அவற்றிற்குப் ‘பிர்க்கனௌ’ என்றே பெயரிட்டார். கண்காட்சிகளில் அந்நிழற்படங்களின் படிகளும் அருகே வைக்கப்பட்டன. வண்ணம் தானாகச் சொல்லமாட்டாததைப் பெயர் சொல்லவேண்டியிருந்தது.

திருமறையில் இதற்கு ஒளிதரும் பகுதி யாத்திராகமம் 28-ஆம் அதிகாரமாகும். ஆரோனுடைய அங்கியின் ஓரத்தில் மாதளம்பழ வடிவங்களும் பொன்மணிகளும் மாறிமாறி வருகின்றன. மார்ப்பதக்கமோ சதுரமானது, நான்கு வரிசைகளில் பன்னிரண்டு கற்கள். நிறமும் ஒழுங்கும் மீண்டும்மீண்டும் வரும் அமைப்பும் அங்கே கர்த்தரின் கட்டளையாகவே நிற்கின்றன; மனித முகம் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கல்லிலும் ஒரு கோத்திரத்தின் நாமம் வெட்டப்பட்டிருந்தது. ஆசாரியன் அந்நாமங்களைத் தன் இருதயத்தின்மேல் சுமந்தவனாகப் பரிசுத்த ஸ்தலத்தினுள் சென்றான்.

கொலோன் சாளரத்தின் சதுரங்களில் நாமம் இல்லை. இது கண்ணாடியின் குறையன்று என்பதே நமது துணிபு. சாளரம் ஒளியைத் தரலாம். நாமத்தைச் சொல்லவேண்டியது சபையின் நாவாகும். எடித் ஸ்டைனின் பெயர் அவ்வொளியின்கீழ் ஜெபத்திலும் பிரசங்கத்திலும் சொல்லப்படுமானால், அச்சதுரங்கள் ஆரோனின் கற்களாகும். சொல்லப்படாவிடில், அவருடைய முகத்தையே தீட்டியிருந்தாலும் அது அழகிய அணியாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

வெள்ளைச் சுவர்களையுடைய ஆலயங்களில் ஊழியஞ்செய்யும் நமக்கு இதனால் வரும் பொறுப்பு பெரிது. உருவங்களை விலக்கினோம் என்று மகிழ்வது எளிது. அவ்வெறுமையான சுவர்களுக்கிடையே நாம் சுமந்துசெல்லும் நாமங்கள் எவை? நம் சபைகளிற் பாடுபட்டோர், மறக்கப்பட்டோர், துரத்தப்பட்டோர் ஆகியோரின் பெயர்கள் நமது பரிந்துரை ஜெபத்தில் கேட்கப்படுகின்றனவா? கண்ணுக்கு ஒன்றும் வைக்காத மரபு, செவிக்கு வைக்கவேண்டியதில் குறைவுபடலாகாது.