மார்க்கு

'மயில் மார்க் ரவை', 'சேவல் மார்க் பட்டாசு' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மார்க்கு. தமிழுக்கு ஆங்கிலம் தந்த சொல். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் சர்க்கார் மொழியிலும் இது ஏறக்குறைய இதே ஒலிதான். இரண்டுக்கும் வேர், எல்லையையும் அடையாளத்தையும் குறித்த பழைய ஜெர்மானியச் சொல். எல்லைத் தகராறு அதன் பிறவிக்குணம் போலும்!

சட்டத்தமிழில் இது வணிகச் சின்னம். படம் மட்டுமல்ல, பெயரும் மார்க்குதான். சண்டை அதிகம் வருவதும் பெயரால்தான். 'அமிர்ததாரா', 'லட்சுமண்தாரா' என்ற இரு மருந்துகளின் வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் சொன்னது: பெயர்களைப் பிரித்துப்போட்டு ஆராய வேண்டாம், அரைகுறை ஞாபகத்தோடு கடைக்கு வரும் சாதாரண ஆள் குழம்புவாரா என்று பார். சரிதானே, எழுத்துக்கூட்டிப் பார்த்தா மருந்து வாங்குகிறோம்?

காரைக்கால் கடைக்காரர் பெயரைப் பதிய சென்னைப் பதிவகத்தை நாட வேண்டும். பதிந்த மார்க்கை இன்னொருவர் எடுத்தாண்டால், 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே வழக்குப் போட முடியாது. பதியாதவருக்கும் வழி உண்டு. ஆனால் அந்தப் பெயர் தம்முடையதென்று ஊர் அறிந்திருப்பதை அவர் நிரூபிக்க வேண்டும்.