வெக்கை நோயும் கரிசல் நிலத்து உழவு மாடுகளும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் நிலம் மழையை நம்பியது. ஈரம் காயுமுன் உழுது பருத்தியும் கம்பும் விதைக்க வேண்டும். அந்நாட்களில் உழவு மாடு மடிந்தால் அவ்வாண்டு வெள்ளாமை இல்லை. மாடுகளைக் கூட்டமாகக் கொன்ற நோய் வெக்கை. அப்பெயர் வெப்பத்தைக் குறிப்பது. நோயின் முதற்குறியும் காய்ச்சலே.

சென்னை மாகாணத்தில் கால்நடை நோய்ச் சட்டம் 1866இல் இயற்றப்பட்டது. இந்தியக் கால்நடைக் கொள்ளைநோய் ஆணையத்தின் அறிக்கை 1871இல் வெளிவந்தது. நோயுற்ற மாட்டைப் பிரித்து வைப்பதே அன்று அரசு அறிந்த வழி. நெருங்கிப் பழகுவதால் தொற்றும் நோய்க்கு அது சரியான வழியே. ஆயினும், ஊர் மாடெல்லாம் ஒரே மந்தையாக மேய்ந்து, கோடையில் எஞ்சிய ஒரே கண்மாயில் நீர் குடிக்கும் நிலத்தில், பிரித்த மாட்டுக்குத் தீவனமும் தண்ணீரும் சுமப்பவர் யார்? வறள்நிலத்தின் இந்நடைமுறையைக் கருதாத சட்டம், பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றிருக்கும் எனக் கருத இடமுண்டு.

சட்டத்திற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே, 1920களில், முக்தேசர் ஆய்வகத்தில் எட்வர்ட்சு ஆடுகளின் வழியே வலுக்குறைத்த தடுப்பூசியை உருவாக்கினார். தேசிய ஒழிப்புத் திட்டம் 1954இல் தொடங்கியது. வெக்கை உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது.