அழும் அரங்கிலிருந்து ஆற்றும் அரங்குக்கு: துப்பாக்கி நிழலில் ஈழத்து இளையோர் நாடகம்

போரில் மடியும் இளைஞனுக்காக ஊர்கூடி அழுவது தமிழ் அரங்குக்குப் புதிதல்ல. பனமலை, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துத் திரௌபதியம்மன் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடக்கின்றன. பதினாறு வயதுப் பிள்ளையைப் பெரியவர்கள் வளைத்துக் கொன்ற கதைதான் அங்கு ஆடப்படும் ‘அபிமன்னன் சண்டை’. அந்தச் சாவு முன்பே விதிக்கப்பட்டது. பார்ப்பவர் அழலாம், தடுக்க முடியாது.

துப்பாக்கி அன்றாடமாகிவிட்ட ஊரில் இளையோர் நாடகம் அழுகையோடு நிற்க முடியாது. யாழ்ப்பாணத்தில் 1978க்குப் பின் அது மனக்காயம் ஆற்றும் அரங்காகவும் வளர்ந்தது. போர் முற்றுவதற்கு முன்பே வேரூன்றிய சிறுவர் நாடகமே இந்த வளர்ச்சிக்கு அடித்தளம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

விளையாட்டே பயிற்சி

ஆசிரியரான குழந்தை ம. சண்முகலிங்கம் (1931–2025) கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடக டிப்ளோமா பயின்றவர். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் எழுதிய ‘கூடி விளையாடு பாப்பா’ ஈழத்துச் சிறுவர் அரங்கின் முன்னோடிகளுள் ஒன்று. எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பிப்பதற்குப் பதிலாகப் பாட்டு, அசைவு, விளையாட்டு வழியே பிள்ளைகள் ஒருவரையொருவர் நம்பக் கற்றார்கள். பின்னாளில் பேச முடியாததைப் பேச இந்தப் பழக்கம் கைகொடுத்தது.

கொல்லப்படுவோரின் வயதில் நடிகர்கள்

தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறைக்குப் பின் சுற்றிவளைப்பும் கைதும் சுட்டுக்கொலையும் வடக்கின் இளைஞர்களைத் துரத்தின. 1985இல் சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் மேடையேற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். அதில் தனி நாயகன் இல்லை. எடுத்துரைஞரும் கூட்டுக்குரலும் ஊம நடிப்பும் நவீன கவிதையும் சேர்ந்து ஒரு சமூகத்தின் நிலையைக் காட்டின. வீதியில் பிடிபட்டவர்களின் வயதும் மேடையில் நின்றவர்களின் வயதும் ஒன்றே. அதனால் அது பார்வையாளருக்கு வீட்டுத் துயரமாகவே இருந்தது.

பின்னர் துப்பாக்கிகள் பல கைகளில் இருந்தன. அரச படை, 1987இல் வந்த இந்திய அமைதிப்படை, தமிழ் இயக்கங்கள் என எல்லாத் திசையிலிருந்தும் மரணம் வந்தது. இவர்களைக் கேள்வி கேட்டுவந்த யாழ்ப்பாண மருத்துவ பீட ஆசிரியர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். கேள்வி கேட்பதே ஆபத்தாகிவிட்ட காலம் அது.

பிழைத்தவர் பக்கம்

அந்த அச்சச் சூழலில் சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’ இறந்தவரை விட்டுப் பிழைத்திருப்பவரின் பக்கம் திரும்பியது. போர் மனத்துக்குள் விட்ட காயத்தைக் கருவாக எடுத்தது. அதே யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்கால மனநோய்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். மருத்துவமும் அரங்கும் ஒரே காயத்தை நோக்கின.

கிழக்கில் இதன் இன்னொரு வடிவம் தோன்றியது. காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் சத்துருக்கொண்டானிலும் 1990இல் நடந்த படுகொலைகள் தமிழரையும் முஸ்லிம்களையும் பிரித்திருந்தன. அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் இரு சமூகப் பிள்ளைகளும் களிமண், வண்ணம், கதை, நாடகம் என ஒன்றாக ஈடுபட்டார்கள். அங்கே கூடி விளையாடுவதே சிகிச்சையாயிற்று.

உலக ஒப்பீடு

அமெரிக்காவில் ஆரெகன் மாநிலத்துத் தர்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் 1998 மே மாதம் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன்பின் வில்லியம் மாஸ்ட்ரோசிமோன் எழுதிய நாடகத்தை 1999 ஏப்ரலில் அப்பள்ளி மாணவர்களே நடித்தார்கள். 2020 டிசம்பர் 14 அன்று, சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலையின் எட்டாம் நினைவு நாளில், பதின்வயதினர் எழுதிய குறுநாடகங்கள் அந்நாடெங்கும் வாசிக்கப்பட்டன. அங்கே நாடகம் ஒரு நிகழ்வுக்குப் பின் எழுந்தது. ஈழத்தில் வன்முறை நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்தது. இளையோரைப் பார்வையாளராக மட்டும் வைக்காமல் சொல்பவராக்கியதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

முடிவுரை

தொடக்கத்தில் சொன்ன கூத்து ஊர்கள் உள்ள விழுப்புரம் மாவட்டத்துக்கும் இந்தத் துயர வரலாற்றில் பங்குண்டு. ஈழ அகதிகள் வாழும் கீழ்ப்புத்துப்பட்டு முகாம் இங்கேதான் உள்ளது. வன்னியர் இட ஒதுக்கீடு கோரிய 1987 செப்டம்பர் மறியல் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்களின் ஊர்களும் இங்கே இருக்கின்றன. அபிமன்னனுக்காக விடியவிடிய விழித்திருக்கும் மண்ணில் சிறுவர் அரங்கு பள்ளிப் பாடவேளையாக வேண்டும். துயரம் வந்தபின் அதைத் தேடிப் பயனில்லை என்பதே யாழ்ப்பாணத்தின் பாடம். ஒருவரையொருவர் நம்பி ஆடிப் பழகிய பிள்ளைகளே, தேவைப்படும் நாளில் அச்சத்தையும் இழப்பையும் வாய்விட்டுச் சொல்வார்கள்.