சென்ட்ரல் பூங்காவின் குதிரைப் பாதை

சென்ட்ரல் பூங்கா நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் 843 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ளது. நடப்போர், குதிரையில் செல்வோர், வண்டியில் செல்வோர் ஆகியோருக்குத் தனித்தனி வழிகள் வகுத்தது இதன் சிறப்பாகும்.

வரலாறு

இந்நிலத்தில் முன்பு மக்கள் வாழ்ந்தனர். பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த செனகா கிராமம் உள்ளிட்ட குடியிருப்புகள் 1857இல் அகற்றப்பட்டன. 1858இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் பிரடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் இருவரின் திட்டம் தேர்வானது. நகரப் போக்குவரத்துக்கான நான்கு குறுக்குச் சாலைகள் தரைமட்டத்துக்குக் கீழே அமைக்கப்பட்டன. பின்னர் திட்டம் திருத்தப்பட்டு, குதிரைப் பாதையும் தனியாக்கப்பட்டது. பாதைகள் சந்திக்கும் இடங்களில் பாலங்கள் எழுந்தன. 1864இல் கட்டப்பட்ட கோதிக் பாலத்தில் நடப்போர் மேலேயும் குதிரைகள் கீழேயும் செல்லலாம்.

பிற்கால மாற்றம்

மோட்டார் வாகனங்கள் பெருகியபின் குதிரைச் சவாரி குறைந்தது. ஓடுவோரும் நடப்போரும் குதிரைப் பாதைக்கு வந்தனர். பூங்காவுக்கு அருகே 1892இல் கட்டப்பட்ட கிளேர்மான்ட் குதிரை லாயம் 2007இல் மூடப்பட்டது. பாதையில் கூட்டம் மிகுந்ததும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. பிரித்து வைத்த வழி மீண்டும் பொதுவழியானது.

பாதுகாப்பு

குதிரை மிரளும் இயல்புடையது. பக்கங்களில் நன்கு பார்த்தாலும், நேர் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. எனவே பொதுவழியில் பின்னாலிருந்து வருவோர் குரல் கொடுத்து, வேகம் குறைத்து, போதிய இடைவெளி விட்டுக் கடக்க வேண்டும். நாயைக் கயிற்றில் பிடித்திருப்பதும் அவசியம். பாலம் இல்லாத இடத்தில் இந்தப் பழக்கங்களே விபத்தைத் தடுக்கின்றன.